கவலை என்ன விலை என்று கேட்டால் "கவலைப்படாதீர்கள்" என்று பதில் வருகிறது

தேரடி_டீக்கடை (கேள்வி, ஞாயிறு இரவு 10.40)

வணக்கம். நம் வடசென்னை ஆன்லைன் குழு எப்படி ஆரம்பித்தது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, எந்தத் தெருவில் பால் பாக்கெட் கிடைக்கிறது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆரம்பித்தோம். வெள்ளம் வடிந்துவிட்டது, குழு வடியவில்லை. அப்புறம் தண்ணீர் லாரி, கரண்ட் கட், கொருக்குப்பேட்டை கேட் திறந்திருக்கிறதா, காசிமேட்டில் இன்றைக்கு என்ன மீன், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எந்த ஓ.பி. எந்தக் கிழமை என்று எல்லாமே இங்கேதான். எழுத்துப் பிழை இருக்கும், சண்டை இருக்கும், ஆனால் எழுதுகிற ஆள் எந்தத் தெரு என்று பாதிப் பேருக்குத் தெரியும்.

ஒரு வருடமாகக் குழு வேறு மாதிரி ஆகிவிட்டது. நீளம் நீளமாக, பிழையே இல்லாமல், நடுநடுவே புள்ளி வைத்து, பச்சை டிக் வைத்து, கடைசியில் "உங்கள் கருத்து என்ன நண்பர்களே?" என்று முடியும் பதிவுகள். முதலில் நாங்கள் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஓர் அக்கா, "இன்னைக்கு கவலை கம்மியா இருக்குமா, வீட்டுக்கு நாலு பேர் வர்றாங்க" என்று கேட்டிருந்தார். வடசென்னையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது மீன் என்று தெரியும். ஐந்தாவது நிமிடம் ஒரு பதில்: "உங்கள் உணர்வுகள் முற்றிலும் இயல்பானவை. விருந்தினர் வருகை பலருக்கும் மன அழுத்தத்தைத் தரும். கவலையைக் குறைக்க இதோ ஐந்து எளிய வழிகள்." ஆழ்ந்து மூச்சு விட வேண்டுமாம், வெதுவெதுப்பான நீர் குடிக்க வேண்டுமாம், ஐந்தாவது வழி மனநல ஆலோசகர். இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தோம். "கவலையை வறுத்தால் தீருமா, குழம்பு வைத்தால் தீருமா" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனால் போன மழையில் நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. ஒரு தம்பி மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டான். "தற்போது போக்குவரத்து சீராக உள்ளது, எனினும் வாகன ஓட்டிகள் கவனமாகச் செல்லவும்" என்று ஒருவர் போட்டார். நேரில் நின்று பார்த்தவர் எழுதியது போலவே இருந்தது. நம்பிப் போனவன் வண்டி நடுவில் நின்று, சைலன்சரில் தண்ணீர் ஏறி, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டே வெளியே வந்தான். எழுதியவரைப் பிடித்துக் கேட்டால், ஏ.ஐ.யிடம் கேட்டேன், அது அப்படித்தான் சொன்னது என்கிறார். ஆள் இருப்பது பெங்களூரில். திருவொற்றியூரில் மழை பெய்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது.

இதற்கு மேல் நான் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். காலடிப்பேட்டையில் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். பட்டினத்தார் சமாதியில் தொடங்கி, கடல் தின்ற கரை, மெட்ரோ வந்தது வரைக்கும் தேரடிப் பக்கம் எப்படியெல்லாம் மாறியது என்று பெரிய பதிவு ஒன்று எழுதினார். "எனினும்", "ஆகவே", "இவ்வாறாக" எல்லாம் சரியான இடத்தில். யாரோ ஒருவர் அதை இலவசச் சோதனைத் தளம் ஒன்றில் போட்டு, பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்று வந்த படத்தைக் கீழே ஒட்டினார். நானும் அட்மின் என்ற திமிரில், எல்லோர் முன்னாலும், "ஐயா, இது சாட்ஜிபிடி தானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் குழுவை விட்டுப் போய்விட்டார்.

ஏ.ஐ. பதிவை மொத்தமாகத் தடை செய்யலாமா? செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லை, காலம் மாறிவிட்டது என்று விட்டுவிடுவதா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.


விம்கோநகர்_கடைசிப்பெட்டி

அண்ணா, முதலில் அந்தச் சோதனைத் தளத்தைக் குழுவில் யாரும் தொடக்கூடாது என்று எழுதிப் போடுங்கள். நான் இந்தத் துறையில்தான் குப்பை கொட்டுகிறேன், விம்கோ நகரில் ஏறி இறங்கும் வரை மெட்ரோவில் இதைத்தான் படித்துக்கொண்டு போகிறேன்.

சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில், எது இயந்திரம் எழுதியது என்று கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை விட்டது. அவர்களே வெளியிட்ட கணக்குப்படி, இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் என்று தப்பாகச் சொன்னது. அதுவும் ஆங்கிலத்துக்கு. மற்ற மொழிகளில் இன்னும் மோசம், ஆங்கிலம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலையில் கடையை மூடிவிட்டார்கள், துல்லியம் போதவில்லை என்று. செய்தவனாலேயே முடியாததை, பாப்-அப் விளம்பரம் ஓடும் ஒரு இலவசத் தளம் நம் வாத்தியாரின் தமிழில் கண்டுபிடித்ததாம்!

அதே 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இப்படிக் கண்டுபிடிக்கும் ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதம் இயந்திரம் என்று வந்தது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியது மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிட்டது. காரணம் எளிது. இந்தக் கருவிகள் பெரும்பாலும் பார்ப்பது, அடுத்த சொல் எவ்வளவு எளிதில் யூகிக்கும்படி இருக்கிறது என்பதைத்தான். கையில் உள்ள கொஞ்சம் சொல்லை வைத்து ஒழுங்காக எழுதுகிறவர் மாட்டிக்கொள்வார். நம் வாத்தியார் கதையும் அதற்குப் பக்கத்துக் கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "இவ்வாறாக" என்று ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று பத்தாம் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான்.

தமிழில் ஏன் திடீரென்று இவ்வளவு வருகிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஏ.ஐ. மாடல்கள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும், அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். தமிழ் எழுத்து கணினிக்குள் மூன்று பைட், "கி" போன்றதற்கு ஆறு. பழைய மாடல்கள் தமிழைக் கொத்துக்கறி போடுவது போலப் போட்டன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புது மாடல் வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய ஓர் உதாரண வாக்கியத்துக்குத் தமிழில் முன்பு 116 டோக்கன், புதியதில் 35. துண்டு குறைந்தால் செலவும் குறையும், வேகமும் கூடும். அதற்கு முன் தமிழில் எழுதச் சொன்னால் திக்கித் திணறிக்கொண்டிருந்தது, இப்போது பாருங்கள், ஆடி மாதக் கோயில் ஸ்பீக்கர் மாதிரி நிறுத்தாமல் ஓடுகிறது.

தடை பற்றிக் கேட்டீர்கள். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஒரே வாரத்தில் அதன் பதில்களுக்குத் தடை போட்டது. அவர்கள் சொன்ன காரணம் அப்படியே நமக்கும் பொருந்தும்: பார்க்கச் சரியாக இருக்கிறது, நிறையத் தப்பாக இருக்கிறது, உண்டாக்கச் சில நொடி போதும், சரிபார்க்க ஒரு மனிதன் உட்கார வேண்டும். ஆனால் அடுத்த வருடம் ஜூனில் அங்கேயே சண்டை. சந்தேகத்தின் பேரில் பதிவை எடுக்காதீர்கள், அப்பாவிகள் மாட்டுகிறார்கள் என்று நிறுவனம் சொல்ல, சம்பளம் இல்லாமல் அங்கே பதிவுகளைக் கண்காணித்த மாடரேட்டர்கள் நிறையப் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்டில்தான் முடிந்தது. அவ்வளவு பெரிய கேள்வி-பதில் இடத்தில் முட்டிக்கொண்டதைத்தான் நீங்கள் மூன்று அட்மின்களும் ராத்திரி பத்து மணிக்கு முட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.


முகத்துவாரம்

நான் எட்டாவது வரைதான். எழுதினால் எனக்கே படிக்க வராது. இப்போது நீங்கள் படிப்பதும் நான் போனில் வாயால் சொல்லி, என் பொண்ணு அதைக் கொஞ்சம் திருத்தி, அப்புறம் அந்த ஏ.ஐ.யில் போட்டு ஒழுங்காக்கியதுதான். என்னை எடுப்பீர்களா? எடுப்பது என்றால் இப்போதே சொல்லுங்கள், பொண்ணுக்கு வேலை மிச்சம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்ததே, அப்போது எங்கள் பக்கம் எல்லாப் படகும் கறுப்பு. ஆற்றில் இறங்கினால் காலில் தார் மாதிரி ஒட்டும், மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைக்க வேண்டும். டிவிக்காரர் வந்து மைக்கை நீட்டினால் எனக்குப் பேச வரும். மனு எழுது என்றால் வராது. அன்றைக்கு இது என் கையில் இருந்திருந்தால் நானே எழுதியிருப்பேன், இன்னொருத்தர் வாசலில் போய் நின்றிருக்க மாட்டேன். அதனால் ஏ.ஐ. என்றாலே அசிங்கம் என்று பேசாதீர்கள்.

ஆனால் ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். போன வருடம் வலை அறுந்துபோனதற்கு ஒரு மனு. நான் சொன்னது இவ்வளவுதான்: "மூணு வலை போச்சு, ரெண்டு நண்டு வலை, ஒண்ணு இறால் வலை, ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடிதான் வாங்கினது." வந்த மனுவைப் பொண்ணு படித்தாள். அழகு என்றால் அழகு. "தலைமுறை தலைமுறையாகக் கடலையே நம்பி வாழும் எங்கள் வாழ்வாதாரம் பெரும் பாதிப்புக்குள்ளாகியுள்ளது" என்று. எங்கள் வீட்டுக்காரி அழுதேவிட்டாள். அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை வலைப்பா?" என்றார். மூணு வலை மனுவிலேயே இல்லை! நண்டு வலையும் இல்லை, இறால் வலையும் இல்லை. என்னுடையது என்று இருந்த எல்லாவற்றையும் அது கழுவி ஊற்றிவிட்டு, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாதிரி ஒன்றை எழுதியிருந்தது. அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து பொண்ணு பேனாவால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள்.

அதிலிருந்து இப்படித்தான்: அது எழுதியதைப் பொண்ணு சத்தமாகப் படிப்பாள், நான் சொன்னது இருக்கிறதா, சொல்லாதது நுழைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். இதையும் படித்துக் காட்டினாள். "பெரும் பாதிப்பு" என்று இன்னொரு இடத்திலும் வந்தது, எடுக்கச் சொல்லிவிட்டேன்.


எம்சிரோடு_ஜவுளி

எல்லோரும் எதற்கு இவ்வளவு டென்ஷன் ஆகிறீர்கள்? நன்றாக இருந்தால் படி, இல்லையென்றால் தள்ளிவிட்டுப் போ. தீபாவளிக்கு எம்.சி. ரோட்டில் ஸ்பீக்கர் கட்டிக் கத்துகிறோமே, அதில் எது உண்மை என்றா வாங்க வருகிறவன் பார்க்கிறான்? துணியைத் தொட்டுப் பார்க்கிறான், அவ்வளவுதான். நானும் கடை விளம்பரம் எல்லாம் இப்போது ஏ.ஐ.யில்தான் எழுதுகிறேன்.


காசிமேடு_பேத்தி

ஜவுளி அண்ணா, துணியைத் தொட்டுப் பார்க்கலாம். சுரங்கப்பாதைத் தண்ணீரை வீட்டில் இருந்து தொட்டுப் பார்க்க முடியாதே, அதற்குத்தானே கேட்கிறார்கள்.

எனக்கு இதில் சொந்தக் கோபம் இருக்கிறது. எங்கள் அம்மா, ஆயா இரண்டு பேருமே மீன் கூடை தூக்கியவர்கள். போன மே மாதம் இந்தக் குழுவில் ஒரு பதிவு: "இந்த ஞாயிறு அதிகாலை காசிமேட்டுக்குச் செல்லுங்கள், விசைப்படகுகள் கொண்டுவரும் புத்தம்புது வஞ்சிரத்தைத் தவறவிடாதீர்கள்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றுகூடப் போகாது, எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஃபைபர் படகுக்காரர்கள்தான் பக்கத்தில் போய்க் கொஞ்சம் கொண்டுவருவார்கள், மீதி வெளியூரில் இருந்து ஐஸில் வரும். பதிவுக்கு எழுபது லைக். மாதவரத்தில் இருந்து ஒரு குடும்பம் குழந்தைகளோடு கிளம்பி வந்து, எங்கள் அம்மாவிடம், "என்னம்மா, ஆன்லைனில் அப்படிப் போட்டிருக்கிறதே" என்று சண்டை. எழுதியது யார் என்று தெரியாது, திட்டு வாங்கியது எங்கள் அம்மா.

கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டீர்களே, எங்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. அந்தப் பதிவில் "கடல் அன்னையின் தாலாட்டில்" என்று இருந்தது. எங்கள் வீட்டில் கடலை யாரும் தாலாட்டு பாடச் சொன்னதில்லை. கவலையை மத்தி என்று எழுதும். சின்ன மீனைக் கூறு போட்டு விற்பது அதற்குத் தெரியாது. ஐஸ் தண்ணீர் வழிந்து தரை வழுக்குவதை, கால் நகம் ஊறிப்போவதை எழுதாது. இப்படி ஒரு பதிவு வந்தால் நான் இரண்டாவது கேள்வி கேட்பேன்: எந்த நாள் போனீங்க, எந்தப் பக்கமாக நுழைந்தீங்க, யாரிடம் வாங்கினீங்க? போனவர் உடனே சொல்வார், கூடவே விலையைச் சொல்லி எங்கள் ஆட்களைத் திட்டவும் செய்வார். போகாதவர் அதோடு காணாமல் போவார்.


விம்கோநகர்_கடைசிப்பெட்டி

பேத்தி சொல்கிற இரண்டாவது கேள்வி நல்ல வழி, ஆனால் அதையே முழுசாக நம்ப வேண்டாம். சோம்பேறித்தனமாக ஒட்டுகிறவர்தான் அதில் மாட்டுவார். வேண்டுமென்றே ஏமாற்ற வருகிறவனுக்கு இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது கேள்விக்கும் இயந்திரம் பதில் சொல்லும்.

ரெட்டிட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் "சேஞ்ச் மை வியூ" என்று ஓர் இடம் இருக்கிறது, என் கருத்தை மாற்றிக் காட்டு பார்க்கலாம் என்று சவால் விட்டுப் பேசும் இடம். ஸூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே யாரிடமும் சொல்லாமல் ஏ.ஐ. கணக்குகளை இறக்கி, சில மாதங்களில் 1,700க்கும் மேற்பட்ட பதில்களைப் போட்டார்கள். 2025 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது, அதுவும் அவர்களே மாடரேட்டர்களுக்கு எழுதிச் சொன்னதால். ஒரு கணக்கு பாலியல் வன்முறைக்கு ஆளானவராகப் பேசியிருக்கிறது, இன்னொன்று மன அதிர்ச்சிக்கு ஆலோசனை தருபவராக. எதிரில் இருப்பவரின் பழைய பதிவுகளைப் படித்து, அவர் வயது என்ன, ஆணா பெண்ணா, அரசியல் என்ன என்று இன்னோர் இயந்திரம் யூகித்துச் சொல்ல, அதற்கேற்றபடி பேசியிருக்கிறது. அங்கே மனசைத் திறந்து பேசியவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கடும் எதிர்ப்பு வந்த பிறகு, ஆய்வு முடிவை வெளியிட மாட்டோம் என்று பின்வாங்கினார்கள்.

நமக்கு ஒரு வசதி, ரெட்டிட்டுக்கு இல்லாதது. இங்கே பாதிப் பேர் தண்டையார்ப்பேட்டைக்கும் எண்ணூருக்கும் நடுவில்தான் இருக்கிறோம். சந்தேகம் வந்தால் தேரடியில் ஒரு டீ குடிக்கக் கூப்பிடலாம். டீ குடிக்கும் ஏ.ஐ. இன்னும் வரவில்லை.

இன்னொன்று, சிரிப்பாகத்தான் சொல்கிறேன். இயந்திரம் படிப்பதும் இந்த மாதிரி அரட்டைகளைத்தான். 2024 மே மாதம் கூகுளின் ஏ.ஐ., பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லை என்றால் பசை சேருங்கள் என்று ஒருவருக்குப் பதில் சொன்னது, தேடிப் பார்த்தால் பதினோரு வருடத்துக்கு முன்பு யாரோ ரெட்டிட்டில் அடித்த ஜோக். "கவலையை வறுத்தால் தீருமா" என்று இங்கே நாம் எழுதியதும் ஒரு நாள் மருத்துவக் குறிப்பாக வந்து நிற்கும், பாருங்கள்.


வியாசை_கோல்கீப்பர்

அந்தக் கவலைப் பதில் போட்டது நான்தான். மன்னித்துவிடுங்கள் அக்கா.

இதைத் தட்டும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் இது நானே எழுதுவது, பிழை இருந்தால் இருக்கட்டும். குழுவில் யார் என்ன கேட்டாலும் உடனே ஏ.ஐ. பதில் சொல்கிற மாதிரி ஒன்றைச் செய்து என் கணக்கோடு கோர்த்துவிட்டேன், காலேஜ் பிராஜெக்டுக்காக என்று வீட்டில் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. பெயருக்குப் பக்கத்தில் "முன்னணிப் பங்களிப்பாளர்" என்று பட்டை வருமே, அது வேண்டும் என்று. அது வந்தது. இரண்டே வாரத்தில் வந்தது.

ஏன் வேண்டும் என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே என் முதல் பதிவை யாராவது தேடிப் பாருங்கள். முல்லை நகர் மைதானத்தில் ராத்திரி விளக்கு இல்லை, பசங்க இருட்டில் பந்து ஆடி ஒருத்தனுக்குக் கணுக்கால் போய்விட்டது என்று எழுதினேன். நான் இங்கிலீஷ் மீடியம். "மைதாணத்தில் விலக்கு எறியவில்லை" என்று எழுதியிருந்தேன். நாற்பது பதில் வந்தது. நாற்பதும் அதைப் பற்றித்தான். "யாருப்பா விலக்கு?", "எறியாதே தம்பி, யார் மேலயாவது பட்டுடப் போகுது", "தமிழ்நாட்டில் தமிழுக்கு விலக்கு". விளக்கைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசவில்லை. அதில் ஒரு பதில் தேரடி அண்ணாவுடையது.

அப்புறம் ஒரு நாள் அதையே ஏ.ஐ.யில் கொடுத்து எழுதிப் போட்டேன். நூற்றுப்பத்து லைக். "அருமையான தமிழ் தம்பி" என்று அதே ஆட்கள். அதில் கணுக்கால் போன பையனே இல்லை, "இளைஞர்களின் விளையாட்டுக் கனவுகள்" என்று இருந்தது. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இங்கே இதுதான் ஓடும் என்று.

ஆட்டோ பதிலை எடுத்துவிட்டேன். மாணிக்கம் நகர் பதில் என்னுடையது இல்லை, அது சத்தியம்.


காசிமேடு_பேத்தி

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு, அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் அந்த நாற்பது பேரில் நானும் இருந்தேனா என்று இப்போது தேடிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. விளக்கு வந்ததா?


வியாசை_கோல்கீப்பர்

ரெண்டு கம்பத்தில் வந்தது அக்கா. கோல் போஸ்ட் பக்கம் இன்னும் இல்லை.


தேரடி_டீக்கடை

மூன்று நாளாக நான் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது.

தேடிப் பார்த்தேன். "எறியாதே தம்பி, யார் மேலயாவது பட்டுடப் போகுது" என்று எழுதியது நான்தான். கீழே பன்னிரண்டு சிரிப்பு பொம்மை. அன்றைக்கு அது பெரிய நகைச்சுவை என்று நினைத்திருப்பேன். கோல்கீப்பர், உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருகிறேன்.

நேற்று சாயந்திரம் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மேசையில் தினசரி காலண்டர் தாள்கள் ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு. பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. தேரடிப் பதிவு மொத்தமும் அதில்தான் இருக்கிறது, அடித்து அடித்து எழுதியிருக்கிறார், "எனினும்" இரண்டு இடத்தில் அடிக்கப்பட்டு, ஒரு இடத்தில் திரும்ப வந்திருக்கிறது. பேரன் அதைப் பார்த்துப் பார்த்துப் போனில் தட்டியிருக்கிறான்.

ஐயா, தப்பு பண்ணிவிட்டேன் என்றேன். "நீ கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பதிவில் ஒரு பிழை இருந்தது, தெரியுமா?" என்றார். தெரியாது. "மெட்ரோ திருவொற்றியூருக்கு வந்தது 2020 என்று எழுதிவிட்டேன். 2021 பிப்ரவரி 14. போட்ட பிறகுதான் பார்த்தேன். யாராவது சொல்வார்கள் என்று இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அதில் ஏறிப் போகிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள். ஒருவரும் சொல்லவில்லை. சாட்ஜிபிடியா என்று மட்டும் கேட்டாய்."

எனக்குத் தண்ணீர் தொண்டையில் நின்றுவிட்டது. நான் அந்தப் பதிவை முழுசாகப் படிக்கவே இல்லை. இரண்டு பத்தி பார்த்துவிட்டுக் கீழே இருந்த சோதனைப் படத்துக்குப் போய்விட்டேன். இயந்திரத்தைப் பிடிக்கப் போனவன் லட்சணம் இது.

நாங்கள் மூன்று அட்மினும் உட்கார்ந்து இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறோம், சண்டை போடுகிறவர்கள் கீழே போடலாம். வாயால் சொல்லி எழுத வைத்தாலும், ஏ.ஐ.யில் திருத்தினாலும் பரவாயில்லை, முகத்துவாரம் அண்ணன் மாதிரி ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். ஆனால் தண்ணீர், கரண்ட், சாலை, மருந்து, ஆஸ்பத்திரி பற்றி நேரில் பார்க்காதவர், விசாரிக்காதவர் பதில் போடக் கூடாது. போட்டால் எடுப்போம், யார் எழுதியது என்று ஆராய மாட்டோம், நீ எப்போது பார்த்தாய் என்று மட்டும் கேட்போம். சோதனைத் தளத்தின் படத்தை ஒட்டி ஆளைக் குற்றம் சாட்டினால் அதையும் எடுப்போம். எழுத்துப் பிழையைக் கிண்டல் செய்தால் ஒரு வாரம் வெளியே. முதல் ஒரு வாரம் நான் போகிறேன், இன்று ராத்திரியில் இருந்து.

விம்கோ தம்பி சொன்ன மாதிரி, திட்டம் போட்டு ஏமாற்றுகிறவனை இதெல்லாம் தடுக்காது. அதற்கு எங்களிடம் இப்போதைக்கு டீதான் இருக்கிறது.

வாத்தியார் திரும்ப வருவாரா என்று கேட்பீர்கள். கேட்டேன். "பேரனுக்குப் பரீட்சை முடியட்டும், அவன்தான் தட்ட வேண்டும்" என்றார். இந்த விதியை எழுதிய தாளையும் வாங்கிப் பார்த்தார், இரண்டு ஒற்றுப்பிழையைப் பென்சிலால் திருத்தினார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.


எம்சிரோடு_ஜவுளி

மெட்ரோ 2021 என்று எனக்குத் தெரியும் அண்ணா, அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஏறினேன். வாத்தியார் பதிவுக்கு லைக்கும் போட்டேன். படிக்கவில்லை.


கேட்டுல_நிக்கிறேன்

இவ்வளவையும் கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றுகொண்டே படித்து முடித்துவிட்டேன், கேட் இன்னும் திறக்கவில்லை, இதை நேரில் பார்த்துத்தான் எழுதுகிறேன், மணி 7.50. அது இருக்கட்டும், நாளைக்குக் கவலை வருமா?


காசிமேடு_பேத்தி

தெரியாது. அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலத்துக்குப் போவாள். கூடையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.